துக்க காலத்தில் நீர்வண்ணம்: ஓர் ஆய்வு

மனம் நொந்த காலத்தில், பள்ளிக்கூடத்தோடு கைவிட்ட தூரிகையை நடுவயதில் மீண்டும் தேடி எடுப்பவர்களும், அதுவரை தூரிகையைத் தொட்டே அறியாதவர்களும், வண்ணங்களிலேயே மிகவும் பிடிவாதமானதாகிய நீர்வண்ணத்தை நாடுவது ஆராயத்தக்கது. நிறமித் தூளை வேல மர இனத்தின் பிசினில் குழைத்துச் செய்யப்படும் இவ்வண்ணம் ஒளி ஊடுருவும் தன்மையுடையதாதலால், எண்ணெய் வண்ணத்தைப் போல முதல் பிழையை இரண்டாம் பூச்சால் மூடிவிட இதில் வழியில்லை. வெண்மை வேண்டுமாயின் காகிதத்தின் வெண்மையையே முன்கூட்டித் திட்டமிட்டு விட்டுவைக்க வேண்டும். நாளைய சமையலைக்கூடத் திட்டமிட இயலாத நிலையில் இருப்பவரிடம் இதை ஒப்படைப்பது, நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் இறக்கிவிட்டு ஆறுதல் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆயினும் இம்முறை பலித்ததற்குச் சான்று உண்டு. 1916இல் தந்தை இறக்க, இளைய மகன் கடும் நோயுற, மனைவியின் மனநலமும் குலைய, நிலைதடுமாறிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே, நனவிலியில் புதைந்தவற்றைப் பேச்சின் வழியே வெளிக்கொணரும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையை மேற்கொண்டு, அக்காலத்திலேயே, ஏறத்தாழ நாற்பதாம் வயதில், படம் வரையவும் தொடங்கினார். 1919இல் தெற்கு சுவிட்சர்லாந்தின் மொண்டாஞோலா என்னும் சிற்றூரில் குடியேறிய பிறகு அவர் வரைந்து குவித்த நீர்வண்ணப் படங்கள் ஆயிரக்கணக்கானவை. தமிழ் வாசகர் நன்கறிந்த 'சித்தார்த்தா' நாவல் பாதியில் நின்று ஓராண்டுக்கு மேல் அசைய மறுத்தபோதும் தூரிகை அசைந்துகொண்டுதான் இருந்தது. நாவல் 1922இல் வெளிவந்தது. கையால் எழுதிய கவிதைகளோடு படங்களைச் சேர்த்து அவர் விற்கவும் செய்தார். மருத்துவரிடம் சென்று வருமானத்துக்கு வழியோடு திரும்பியவர் இலக்கிய வரலாற்றில் வேறு எவரேனும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. இத்தனைக்கும், தம் படத்திலுள்ள மரம் பேரி மரமா செஸ்ட்நட் மரமா என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க இயலாது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பலித்த காரணம் ஈரத்தில் இருக்கிறது. நனைத்த காகிதத்தில் வண்ணத்தைப் பரவவிடும் முறையில், தாள் காய்வதற்குள் எல்லா முடிவுகளையும் எடுத்தாக வேண்டும். பாதி காய்ந்த பூச்சின்மீது ஒரு துளி நீர் சிந்தினாலும், அது நிறமியை ஓரத்துக்குத் தள்ளிச் சுருள் விளிம்புள்ள கறையாக உறைந்துவிடும். ஓவியர்கள் இதைக் காலிஃபிளவர் என்பார்கள். மாலை வானம் தீட்ட அமர்ந்தவர், அதன் நடுவே காய்கறி முளைப்பதைக் கண்டு பதறும் அந்தக் கணத்தில், மணவிலக்கு வழக்கோ வேலையிழப்போ அவர் நினைவில் நிற்பதில்லை. பெருந்துயரம் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு முன்னால் அவசரமான சிறுதுயரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவதே நீர்வண்ணத்தின் மருத்துவ முறை என்பது இக்கட்டுரையின் துணிபு.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம் வாங்குவது நலம். சாதாரண நோட்டுத் தாள் வண்ணத்தையும் தாங்காது, கண்ணீரையும் தாங்காது. வீட்டாருக்கு ஒரே வேண்டுகோள்: படத்தை நீட்டும்போது "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகரலாம், அது என்ன மரம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.