பனிக்காலப் பெட்ரோல் இயல்: நிறைகல வாதமும் வறுங்கல வாதமும்

ஆய்வுக் களம் இங்கிலாந்து. ஆய்வுப் பொருள், ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி என்னும் இரண்டு பேர் அமரும் கூரையில்லாக் கார். ஆய்வுக் காலம், நம் இலக்கணத்தார் கூதிர், முன்பனி, பின்பனி என்று வகுத்த ஐப்பசி தொடங்கிப் பங்குனி ஈறாக. இக்காலத்தில் அந்நாட்டார் சாலை உறையாதிருக்க உப்பைக் கொட்டுவார்கள். உப்பு தகட்டைத் தின்னும். ஆகவே கார் ஷெட்டுக்குள் போகிறது, தகடு பிழைக்கிறது. டேங்கில் கிடக்கும் பெட்ரோலின் கதி என்ன?

இங்கே உலகம் இரண்டாகப் பிளக்கிறது. நிறைகல வாதியர் கூற்று: பாதி டேங்க் பெட்ரோல் என்றால் மீதிப் பாதி காற்று. இரவுக் குளிரில் அக்காற்றின் ஈரம் தகட்டில் வியர்க்கும். வியர்த்தது வழிந்து அடியில் சேரும். டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆதலால் காற்றுக்கு இடம் கொடாதே, கழுத்துவரை நிரப்பு. வறுங்கல வாதியர் மறுப்பு: பெட்ரோல் என்ன ஊறுகாயா, நாள்பட ருசி கூட? எஞ்சினைக் கிளப்பும் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகும். ஆதலால் வடித்துக் கவிழ்த்துவிடு.

2021 செப்டம்பரில் பிரிட்டன் சாதாரண பெட்ரோலில் எத்தனாலை 10 சதவீதம்வரை உயர்த்தியபோது இருதரப்புக்கும் புது ஆயுதம் கிடைத்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் அளவு மீறினால், தண்ணீரும் எத்தனாலும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்ப் படுத்துவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அதே அடியில்தான். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் சும்மா விடாது. பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் ஹோஸை விரலால் மடக்கினால் வெடிப்புகள் பல்லிளிக்கும்.

நம் துணிபு: இருவர் சொன்னதும் மெய், சொன்ன இடம்தான் பிசகு. டேங்க் நிறைந்திருக்கட்டும், கார்புரேட்டர் வறளட்டும். எத்தனால் 5 சதவீதத்தைத் தாண்டாத உயர்ரகப் பெட்ரோல் அங்கே இன்னும் கிடைக்கிறது. முதலில் ஸ்டெபிலைசர் மருந்தை டேங்கில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோலை நிரப்பினால் கலக்கும் வேலை மிச்சம். மருந்து கார்புரேட்டர்வரை போய்ச் சேரக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். பிறகு ஷெட் கதவைத் திறந்துவைத்து, பெட்ரோலைத் தள்ளும் பம்புக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் இருமி இருமித் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு? முற்கால எம்ஜிபியின் இரண்டு எஸ்யூ கம்பெனிக் கார்புரேட்டர்களுக்கும் பக்கத்திலே ஆளுக்கொரு மிதவைக் கிண்ணம். அதில் தங்கும் சொற்பப் பெட்ரோல் மாதக்கணக்கில் காய்ந்து, பழுப்பு வார்னிஷாக ஊசி வால்வை அதன் இருக்கையோடு ஒட்டவைத்துவிடும். மூடியபடி ஒட்டினால் வண்டி கிளம்பாது. திறந்தபடி ஒட்டினால் பெட்ரோல் பொங்கி வழியும். எக்ஸாஸ்ட் இருப்பதும் அதே பக்கம், அதற்குக் கீழே. எஞ்சின் நின்ற பிறகும் கிண்ணத்தடியில் கொஞ்சம் மிஞ்சும் என்பதால், ஆசாரசீலர்கள் மூடியைக் கழற்றித் துணியால் ஒற்றியெடுப்பார்கள். அவர்கள் பக்கமே நாமும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம், ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள். எஞ்சின் சூடேறுமுன் அணைத்தால், எரிந்ததில் பிறந்த நீர் சைலன்சரிலும் எஞ்சின் ஆயிலிலுமே தங்கும். இவர்கள் வாதத்தில் பாசம் தவிர வேறு சரக்கில்லை என்பதால் விரிவஞ்சி விடுக்கிறோம்.

எல்லாம் முறைப்படி செய்து, வசந்தத்தில் வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினால், டிக் டிக் என்று தாளம் போட வேண்டிய எஸ்யூ பம்ப் சில சமயம் வாய்திறக்காது. சும்மா கிடந்ததில் உள்ளே பாயிண்டுகள் கறுத்திருக்கும். பின்சக்கரத்தருகே குனிந்து மெல்லத் தட்டினால் பேசும். எதனால் தட்டுவது என்பதில் மரச்சுத்திக் கட்சி, செருப்புக் கட்சி என மறுபடியும் இரண்டு உண்டு. அடுத்த ஆய்வு அதைப் பற்றியது.