18-400 அண்ணாச்சி

எந்தச் சுற்றுலா வேனில் ஏறினாலும் ஜன்னலோரத்தில் ஒரு 18-400 அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். 2017-இல் டாம்ரான் நிறுவனம் அந்த 18-400 மி.மீ. சூம் லென்ஸைக் கொண்டுவந்தபோது, "இதுக்கு மேல ஒண்ணும் வாங்க மாட்டேன்" என்று வீட்டில் சத்தியம் செய்து வாங்கியவர். ஆகவே அதன் குறைகளைப் பேசும் உரிமை அவருக்குக் கிடையாது.

நிறைகளைப் பேசுவார். தஞ்சைப் பெரிய கோயிலின் வடபுறம் நின்று 216 அடி விமானத்தையும் முழுசாகப் பிடிப்பார். அடுத்த நொடி, நின்ற இடத்திலேயே, மேலே இருக்கும் தொப்பிக்காரர் போன்ற உருவத்தின் மூக்கையும் பிடிப்பார். "ஓரடி நகர்ந்தேனா தம்பி?" தனுஷ்கோடி மணற்காற்றில், பை நிறைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கழற்றி மாட்டப் பயந்து நிற்கையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அவர் கட்சிதான் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அகலக் கோணமான 18-இல் எடுத்தால் ஓரத்துத் தூண் லேசாக வயிறு தள்ளும். கேட்டால், "சோழர் காலத்துத் தூண் அப்படித்தான்" என்பார். 700 கிராம் லென்ஸ். பூட்டும் பொத்தானைப் போட மறந்தால் குழல் தானாகவே நழுவி நீளும். பிரசாதம் வாங்கக் குனிந்தால் அவருக்கு முன் லென்ஸ் தொன்னையை எட்டிப் பார்க்கும்.

சோதனை சாப்பாட்டில்தான். மதுரையில் ஒரு மெஸ். அழுது வடியும் டியூப்லைட். முழுக்க நீட்டினால் லென்ஸின் துவாரம் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது, ஐஎஸ்ஓவை ஏற்றினார். வந்த படத்தில் கறிதோசை மேல் இருப்பது மிளகுத்தூளா, நாய்ஸா என்று மேசையில் இரண்டு கட்சி.

சளைக்காமல் மறுநாள் மதியச் சாப்பாட்டைக் குறிவைத்தார். 18-இல் வாழை இலை வில்லாக வளைந்தது. சூமை நீட்டினால் வடை மட்டும் தெரிந்தது. இலை நேராகவும் முழுசாகவும் விழ வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். ஓரடி நகராதவர் எழுந்தார், நாற்காலியைத் தள்ளினார், கைகழுவும் தொட்டி வரை போய்த் திரும்பினார்.

கூட்ட நேரம். எழுந்து தொட்டிப் பக்கம் போனவர் சாப்பிட்டு முடித்தவர் என்பது இலை எடுப்பவரின் கணக்கு. அண்ணாச்சி ஃபோகஸ் செய்து பொத்தானை அழுத்தியபோது படத்தில் விழுந்தது ஈரமேசை, துடைக்கும் துணி, வாளிக்குள் போய்க்கொண்டிருந்த அவருடைய வடை.

"பார்த்தியா தம்பி," என்றார் திரையைக் காட்டி, "துணியோட நூல்கூடத் தெரியுது!"