மன்னர் ஹரால்டும் அப்பாவின் சுகரும்

ப்ளூடூத் என்பது 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னரின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை அவர் சேர்த்து வைத்த புண்ணியத்துக்காக, கருவிகளைக் கம்பியில்லாமல் சேர்க்கும் நுட்பத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்களாம். எங்கள் வீட்டில் சேர வேண்டியவை இரண்டே இரண்டு: அப்பாவின் கையில் ஒட்டியிருக்கும் சுகர் சென்சார், அவர் சட்டைப்பையில் இருக்கும் போன். நடுவே ஒரு முழம்கூட இல்லை. அதற்கே மன்னருக்கு மூச்சு வாங்குகிறது.

முதல் தகராறு அனுமதியில் வந்தது. ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களில் லொகேஷன் அனுமதி கொடுத்தால்தான் ஆப் இந்த மாதிரி சென்சார்களைத் தேட முடியும். அக்கம்பக்கத்து ப்ளூடூத் கருவிகளை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் வந்த விதி. அப்பா முறைத்தார். "சுகர் எங்கிட்டதான் இருக்கு. நான் எங்க இருக்கேன்னு அதுக்கு எதுக்குடா?" அம்மா போனை வாங்கி உடனே அனுமதி கொடுத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த வசதி அது.

அடுத்தது பேட்டரி சிக்கனம். திரை அணைந்து கொஞ்ச நேரமானால், பின்னால் ஓடும் ஆப்பைப் போன் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். செட்டிங்ஸில் போய் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் பாதிச் சண்டை ஓயும்.

மச்சானின் கதை வேறு. ஓடும்போது நெஞ்சில் பட்டை கட்டி இதயத் துடிப்பு பார்ப்பவர். புது போன் வாங்கினார். பட்டை அதன் கண்ணுக்கே படவில்லை. பட்டை செத்துவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஆனால் இப்படிப்பட்ட சென்சார்களில் பல ஏகபத்தினி விரதம் பூண்டவை. ஒரு போனோடு சேர்ந்துவிட்டால் அடுத்த போனுக்கு முகம் காட்டாது. பக்கத்து அறையில் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கும் பழைய போனில் அந்த ஆப் இன்னும் உயிரோடு இருந்தது. அதில் ப்ளூடூத்தை அணைத்ததும் பட்டை இந்தப் பக்கம் வந்தது.

அனுமதி, பேட்டரி எல்லாம் சரியாகியும் ராத்திரியில் மட்டும் அப்பாவின் சிக்னல் அறுந்தது. காரணம் அப்பாவேதான். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். சென்சார் இருக்கும் கையை அமுக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால், அப்பாவின் செய்திக்கு அப்பாவே குறுக்குச் சுவர். போதாததற்கு, அமுங்கிய இடத்தில் சென்சார் சர்க்கரையைக் குறைத்தும் காட்டும். சிக்னல் அறுபடாத இரவுகளில் அலாரம் அலறும், அம்மா சர்க்கரை டப்பாவோடு ஓடி வருவார். அப்பாவோ சென்சார் இருக்கும் பக்கமே படுத்துப் பழகியவர். அதனால் இப்போதெல்லாம் அம்மா முதலில் எடுத்து வருவது விரலில் குத்திப் பார்க்கும் மெஷினை.

கடைசியாக, சுகர் ஏறுவது அம்மாவின் கண்ணில் படாமலிருக்க அப்பா ஒரு வழி கண்டார். சாயங்காலம் போனை மேஜைமேலேயே விட்டுவிட்டு டீக்கடைக்கு நடந்தார். சில பத்து அடி தாண்டினால் தொடர்பு அறுந்துவிடும் அல்லவா?

சுகர் சென்சார் ஒட்டியிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்பு அறுந்தாலும் அது சில மணி நேரக் கணக்கைத் தன்னிடமே வைத்திருந்து, போன் பக்கத்தில் வந்ததும் மொத்தமாக ஒப்பித்துவிடும். பஜ்ஜியை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.