வீட்ல பெரியவங்க இருக்காங்களா?

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் தாழ்ப்பாளை யார் தட்டினாலும் உள்ளே இருக்கும் ஐந்து பேருக்கும் கேட்கும். ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். மூன்றாவது தட்டலுக்குப் பிறகு, வயதில் சிறியவன் என்ற ஒரே தகுதியில், என் மகன் போவான்.

வந்தவர் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்திருக்கலாம், கேஸ் ட்யூப் மாற்றச் சொல்லி வந்திருக்கலாம், வாட்டர் ப்யூரிஃபையர் விற்க வந்திருக்கலாம். கேட்பது ஒன்றைத்தான்.

"தம்பி, வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

தம்பிக்கு 24 வயது. பி.இ. முடித்தவன். காம்பவுண்டு சுவரைவிட ஒரு சாண் உயரம். தாடி மார்பைத் தொடப் பார்க்கிறது. அவனைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும். அவனுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே திரும்பி, "அப்பா!" என்பான்.

எனக்கு 55. வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசல்வரை வருவேன். வந்தவர் ஏதோ ஒரு படிவத்தை நீட்டுவார். அதைப் பார்த்ததும் வாய் தானாக, "அப்பா!" என்று கூப்பிட்டுவிடும்.

அப்பாவுக்கு 84. ஊஞ்சலை நிறுத்தி, காதில் மெஷினை மாட்டி, விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "என்ன, என்ன சொல்லட்டும்?" என்பார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். "நாளைக்கு வரச் சொல்லுங்க."

அதாவது, எங்கள் வீட்டில் பெரியவர்கள் என்று யாரும் இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கை காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் மகன் எட்டு மாத வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். "எனக்கு எது பிடிக்கும்னே தெரியலப்பா. கொஞ்சம் டைம் வேணும்" என்றான். "அதைத் தெரிஞ்சுக்கத்தானேடா நாலு வருஷம் ஃபீஸ் கட்டினோம்" என்று அப்பா ஊஞ்சலிலிருந்து சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேங்க் அதிகாரி. புரியாத விஷயம் வந்தால் முதலில் சர்க்குலர் தேடுவதுதான் எங்கள் பழக்கம். தேடினேன்.

வளரிளம் பருவத்துக்கு முதல் பெரிய சர்க்குலர் விட்டவர் ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்கர். 1904-ல், இரண்டு தடித்த பாகங்களாக. அந்த வயதைப் புயல் என்றார் அவர். நமக்குப் புயல் புதிதில்லை. வர்தாவைப் பார்த்தவர்கள், மிக்ஜாமைப் பார்த்தவர்கள். ஆனால் அவற்றுக்கெல்லாம் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். என் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டில் கரையைக் கடந்ததற்கு ஒன்றாம் எண் கூண்டுகூட ஏறவில்லை. ஒரு நாள் சாயந்தரம் 'முடி வெட்டிக்கோடா' என்றேன். அவ்வளவுதான். இரண்டு நாள் கதவு திறக்கவில்லை.

அடுத்தவர் எரிக் எரிக்சன். இவர் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1902-ல் ஜெர்மனியில் பிறந்தார். பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வளர்ப்புத் தந்தையின் பெயரோடு வளர்ந்தார். 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபோது தனக்குத் தானே ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்: எரிக்சன், அதாவது எரிக்கின் மகன். எரிக் யார்? அவர்தான். நம்மூர்க் கணக்கில் எழுதினால் 'எ. எரிக்'. தன் பெயருக்குத் தானே இனிஷியல் ஆனவர். 'நான் யார்' என்று தவிக்கும் வாலிபக் குழப்பத்துக்கு 'அடையாள நெருக்கடி' என்று பெயர் வைத்தவர் இவர்தான் என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? காந்தியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, 1970-ல் அதற்குப் புலிட்சர் பரிசும் வாங்கினார்.

இந்த எரிக்சன், வாலிபர்களுக்குச் சமுதாயம் ஒரு 'மொரட்டோரியம்' கொடுக்கிறது என்கிறார். படித்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொரட்டோரியம் எங்கள் வீட்டுச் சொல் அல்லவா! 2020-ல் கொரோனா சமயம், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, மாதத் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் பேங்க் சொன்னதே, அதே மொரட்டோரியம். அப்போது கவுன்ட்டருக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணீர் வற்ற ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "தவணைதான் கிடையாது சார், வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும்." மாடி அறையில் படுத்திருக்கும் என் மகனின் கணக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

எரிக்சனுக்குப் பிறகு ஜேம்ஸ் மார்சியா என்பவர் 1966-ல் இன்னும் நாலு தலைப்புப் போட்டுப் பிரித்தார். அதில் ஒன்றின் பெயர் 'ஃபோர்குளோஷர்'. இதுவும் எங்கள் டிபார்ட்மென்ட்தான். நம் ஊர் அடகுக் கடையில் 'நகை மூழ்கிப் போச்சு' என்பார்களே, கிட்டத்தட்ட அது. தேடிப் பார்க்காமல், அலைந்து திரியாமல், அப்பா அம்மா கொடுத்த அடையாளத்தையே வாங்கி மாட்டிக்கொண்டு கணக்கை முடித்துவிடுகிற பிள்ளைகளுக்கு மார்சியா வைத்த பெயர். படித்துக்கொண்டே வந்தவனுக்கு வயிற்றில் புளி கரைந்தது. அதில் என் போட்டோ ஒட்டாததுதான் குறை.

நான் பேங்கில் சேர்ந்த கதை இது. அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார். அப்பாவே நிரப்பினார். பிடித்த பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் படித்தல்' என்றும் அவரே எழுதினார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, "இங்க" என்றார். போட்டேன். பிறகு அந்தப் பென்சில் குறியை ரப்பரால் அழித்து, ரப்பர் தூளை ஊதிவிட்டார். என் வாலிபப் பருவம் மொத்தமும் அந்த ஊதலில் போயிற்று என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனாலும் அந்த 'ஃபூ' இன்னும் காதில் இருக்கிறது.

வயது வந்தவனாக நான் செய்த காரியம் ஒன்றே ஒன்று. ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது 1989 மார்ச்சில். நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு 19. எந்தச் சின்னத்தில் முத்திரை குத்த வேண்டும் என்று அப்பா சாவடிவரை நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். நான் வேறொரு சின்னத்தில் குத்தினேன். வெளியே வந்ததும், "போட்டியா?" என்றார். "போட்டேன்" என்றேன். அதில் பொய்யே இல்லை. இதுவரை அவருக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வரும் அன்று அவர் கண்ணாடியை நான் ஒளித்து வைக்க வேண்டியிருக்கும்.

ஊர்ப் பெயர் வேறு சும்மா இருக்கிறதா? அஸ்தினாபுரம் என்றாலே அப்பா பிள்ளை வம்புதான். பிள்ளையை ஒரு வார்த்தை அதட்டத் தெரியாத திருதராஷ்டிரன் ஒரு பக்கம். அந்தக் குலத்தின் மூதாதை யயாதி இன்னொரு பக்கம். தன் கிழத்தனத்தைப் பிள்ளைகளிடம் நீட்டி, இளமையைக் கொடு என்று வரிசையாகக் கேட்டவர். மூத்த பிள்ளைகள் மாட்டேன் என்றார்கள். கடைக்குட்டி பூரு சரி என்றான். ஒரே ராத்திரியில் விடலையிலிருந்து கிழவனாகிப் போன முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். வீட்டில் பெரியவங்க இருக்காங்களா என்று அப்போது யாராவது வந்து கேட்டிருந்தால் யாரைக் காட்டியிருப்பார்கள்?

ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்கர் 2000-ல் ஒரு கட்டுரை எழுதினார். பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை இளம்பருவமும் இல்லை, பெரியவர் பருவமும் இல்லை, இது தனிப் பருவம் என்றார். 'நீ பெரியவனாகிவிட்டாயா?' என்று அந்த வயதுக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலோர் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சில விஷயத்தில் ஆமாம், சில விஷயத்தில் இல்லை என்கிறார்களாம். என் மகன் எல்லாக் கேள்விக்கும் சொல்வது இதைத்தான். "சாப்பிட்டியா?" "ம்... ஒரு மாதிரி."

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இந்த ஆர்னெட் பெருமையைச் சொன்னேன். அவர் நடையை நிறுத்தவே இல்லை. "பன்னிரு பாட்டியல்ல இருக்கு சார். ஆம்பளைக்குப் பருவம் பிரிச்சிருக்கான். பதினாறு வரைக்கும் காளை, முப்பது வரைக்கும் விடலை" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். அமெரிக்கர் இருபத்தைந்தில் நிறுத்திய இடத்தில் தமிழ் இன்னும் ஐந்து வருஷம் தள்ளுபடி கொடுத்திருக்கிறதே! "முப்பதுக்கு அப்புறம்?" என்றேன் ஆவலாக. "முதுமகன்" என்றார்.

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல சார்."

முப்பது வரை விடலை. முப்பத்தொன்றில் முதுமகன். பெரியவன் என்று ஒரு படிக்கட்டே கட்டவில்லை. வீட்டுக்கு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. 'அங்கிள்' என்று கூப்பிடுவது தினம் நடக்கிறது. நடுவில் 'சார்' என்று எத்தனை வருஷம் கூப்பிட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால், கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தபோது மட்டும்தான்.

இந்த விடலைக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கமான பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். "கலாம் படிச்ச எம்.ஐ.டி. இங்கேர்ந்து கூப்பிடு தூரம். அவர் என்ன இப்படிப் படுத்துக்கிட்டா இருந்தார்?" குரோம்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளையாகப் பிறந்த எல்லோரும் வாங்கிய அடி இது. நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த முறை 'அக்கினிச் சிறகுகள்' படித்துவிட்டுத் தயாராக இருந்தேன். எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாமல் அக்கா நகையை அடகு வைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். படிப்பு முடிந்ததும் விமானப் படையில் பைலட்டாகும் ஆசையில் டேராடூன் போய், எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து, மனசு உடைந்து ரிஷிகேஷுக்குப் போனதைச் சொன்னேன். "அப்ப அவருக்கு இருபத்தஞ்சு தாண்டியாச்சுப்பா. அவரும் அப்ப விடலைதான்."

அப்பா சற்று யோசித்தார். "ரிஷிகேஷ் வரைக்கும் போனாரில்ல? இவன் மாடியை விட்டே இறங்க மாட்டேங்கறானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுவது என்றால் தலைகீழாக, இடுப்புவரை உள்ளே. தாழ்ப்பாள் தட்டும் சத்தம் கேட்டது. மூன்றாவது தட்டலுக்கு மகன் போனான். தலையை வெளியே எடுத்து எட்டிப் பார்த்தேன். பக்கத்துத் தெரு அம்மன் கோயில்காரர்கள், மூன்று பேர், ரசீதுப் புத்தகத்தோடு.

"தம்பி, கும்பாபிஷேகம் வருது. வீட்ல பெரியவங்க இருக்காங்களா?"

"அப்பா!" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. தாத்தா மெஷின் இல்லாமல் ஊஞ்சலில் தூங்கிக்கொண்டிருந்தார். பாட்டி குளிக்கப் போயிருந்தாள். என் மனைவி குரோம்பேட்டைக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். அவன் கேட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். தாடியைச் சொறிந்தான்.

"நான்தான். சொல்லுங்க" என்றான்.

"எவ்வளவு எழுதட்டும்?"

"போன தடவை எவ்வளவு போட்டாங்க?"

"தாத்தா 501 கொடுத்தாரு. அது ஆச்சு பன்னண்டு வருஷம்."

"பன்னண்டு வருஷமா? அப்ப 2,001 போட்டுக்குங்க."

மாடியில் எனக்குக் கால் வழுக்கிற்று. 501 ரூபாய் பன்னிரண்டு வருஷத்தில் 2,001 ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் கூட்டு வட்டி. சீனியர் சிட்டிசனுக்கே அப்படித் தருகிற டெபாசிட் எங்கள் பேங்கில் கிடையாது.

"பேரு?" சொன்னான். "நட்சத்திரம்?"

அதுவரை கம்பீரமாக நின்ற தாடி மேலே நிமிர்ந்தது. "அப்பா, என் நட்சத்திரம் என்னப்பா?"

"உத்திரட்டாதி" என்றேன். டேங்க்குக்குள் அது மூன்று முறை எதிரொலித்தது.

கீழே இறங்கி வந்தபோது ஹாலில் சார்ஜில் இருந்த என் போனில் 2,001 ரூபாய் போன செய்தி வந்திருந்தது. என் பின் நம்பர் அவனுக்குத் தெரியும். அவன் பிறந்த வருஷம்தான். (இது அச்சில் வருவதற்குள் மாற்றிவிடுவேன்.) ரசீதை மேஜை மேல் வைத்திருந்தான். அவன் பெயர் பெரிதாக, சுழித்து எழுதியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அந்த ஒரு எழுத்துதான் நான்.

அப்பா தூக்கம் கலைந்து ரசீதை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். பிறகு விரலை வைத்து இன்னொரு முறை.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் ரசீதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பந்தல் காண்ட்ராக்டர் விளம்பரம்.