கிராஸ்ஹேர் தம்பி

கோலா பிலா வட்டாரத்தில் தோட்டத்துக்கு ஒருவராவது அகப்படுவார் இந்தத் தம்பி. லயத்தில் தேடாதீர்கள், அங்கே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. தாமான் வீடுகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் எந்த ஜன்னலில் நீல வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே இருப்பார். வயது இருபத்திரண்டு. வேலை என்னவென்று கேட்டால் "பார்ட் டைம்" என்பார். மீதி நேரம் எங்கே போகிறது என்று கேட்பது மரியாதையில்லை.

இவர் வேலோரண்ட் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறவர். ஆடுகிறவர் என்பது பேச்சுக்கு. ஆடுவதற்கு ஆயத்தம் செய்கிறவர். திரையின் நடுவே சின்னக் கூட்டல் குறி ஒன்று இருக்குமே, துப்பாக்கி எங்கே பார்க்கிறதென்று காட்டுமே, அதுதான் கிராஸ்ஹேர். அதன் நிறம், கோட்டின் நீளம், பருமன், நடுவில் விடும் இடைவெளி, சுற்றிக் கட்டும் கறுப்பு ஓரம், நட்டநடுவில் புள்ளி வேண்டுமா வேண்டாமா, எல்லாவற்றையும் மாற்றலாம். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை மாதிரி பார்க்கும் மாமாவின் முகத்தோடு தம்பி உட்கார்ந்திருப்பார்.

விவரம் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது.

"எதிரியைச் சுத்தி சிவப்புக் கோடு வரும் பெரியப்பா. நாமளும் சிவப்பு வெச்சா கலந்துடும். பச்சை வெக்கணும், இல்லாட்டி சியான்."

சரிதான். கோடு தடித்திருந்தால் தூரத்து ஆளின் தலையையே மறைத்துவிடும் என்பார். அதுவும் சரி. நடக்கும்போது விரிகிற குறி, ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும் என்று புதியவருக்கு நினைவூட்டத்தான். கை பழகியவர்களில் பலர் அசையாத குறிதான் வைப்பார்கள் என்றும் விளக்குவார். இத்தனை ஞானமும் இருக்கிறது. சுட்டால்தான் படமாட்டேன் என்கிறது.

2022இல் வந்த ஒரு வசதி இவரை முழுதாகக் கெடுத்தது. பெரிய ஆட்டக்காரர்களின் குறியை எண்ணும் எழுத்தும் கலந்த ஒரே வரியாக நகலெடுத்து நம் ஆட்டத்தில் ஒட்டிக்கொள்ளலாம். திங்கட்கிழமை கனடாவின் டென்ஸ் குறி. செவ்வாய்க்கிழமை நாட்டுப்பற்று வந்துவிடும்: 2023இல் லாஸ் ஏஞ்சல்ஸ் உலகப் போட்டியில் இறுதியாட்டம் வரை போன பேப்பர் ரெக்ஸ் அணியில் டாவாய் என்ற பெயரில் ஆடிய நம் மலேசியாக்காரரின் குறி. புதன்கிழமை, யாருடையதென்று தம்பிக்கே தெரியாத ஒன்று. கடன் வாங்கிய சட்டை அளவாக இருந்தாலும் உடம்பு நம்முடையதுதானே.

ஒருநாள் தாத்தா பின்னால் வந்து நின்றார். முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால் நானூறு, ஐந்நூறு மரம். பட்டையைச் சீவும் உளி, உள்மரத்தைத் தொட ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். தொட்டால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. அந்தக் கண் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"ஏண்டா, குறி தரையையே பாக்குதே. அந்த ஆளு என்ன படுத்துக்கிட்டா வரப்போறான்?"

மூலையைத் திரும்புமுன்பே குறியைத் தலை உயரத்தில் வைத்திரு என்பதுதான் இந்த ஆட்டத்தின் முதல் பாடம். தம்பி அசரவில்லை. "அதுக்குப் பேரு கிராஸ்ஹேர் பிளேஸ்மென்ட் தாத்தா. அது அடுத்த வாரம்."

இந்த வாரம் வேறு பிரச்சினை. ஆப்பரேட்டர் என்ற தூரத்துத் துப்பாக்கிக்கு, அதன் தொலைநோக்கிக் கண்ணாடி வழியாகப் பார்க்காத நேரத்தில் குறியே கிடையாது. சைபர் கஃபே காலத்தில் கவுண்டர் ஸ்டிரைக் ஆடிய அண்ணன்மார் இதே தொல்லைக்குத் திரையிலேயே மார்க்கரால் புள்ளி வைத்தார்கள். தம்பி கொஞ்சம் நாகரிகமானவர். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை உரித்துத் திரையின் நெற்றியில், இல்லை, நெஞ்சில் ஒட்டிவிட்டார்.

நேற்றிரவு எட்டிப் பார்த்தேன். நாலு பேரைச் சுட்டிருந்தார். பதினேழு தடவை செத்திருந்தார். காரணமும் கண்டுபிடித்துவிட்டார்: அம்மா வாங்குவது மெரூன் பொட்டு, எதிரியின் சிவப்போடு கலந்துவிடுகிறதாம்.

சிரம்பான் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், வரும்போது பச்சைப் பொட்டு ஓர் அட்டை வாங்கி வாருங்கள். சின்ன சைஸ். காசு நான் தருகிறேன்.