டிக்கெட் எடுக்காத பயணி

தூத்துக்குடி மட்டக்கடைப் பக்கம் காலை ஆறரைக்கு டீ குடிக்க வந்தால் அவரைப் பார்க்கலாம். கக்கத்தில் நீள நோட்டு, சட்டைப் பையில் இரண்டு நிறப் பேனா. தொழில் உப்பளம். மூன்று நாள் பயணத்துக்கு நாலு வருஷமாகத் திட்டம் போடுகிறவர். உங்கள் தெருவிலும் இந்த வகையில் ஒருவர் இருப்பார். அவருக்குக் காசியோ சிங்கப்பூரோ இருக்கலாம். எங்கள் அண்ணாச்சிக்கு நார்வேயின் பெர்கன்.

கடலியல் படிக்கப் போன மகனுக்கு அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. முதல் படத்தில் மழைக்கோட்டோடு நின்றான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது வந்ததும் அண்ணாச்சி போனில் கேட்டார்: "ஏல, அந்தச் சட்டையக் கழத்தவே மாட்டியா?"

அப்போதுதான் நோட்டு வாங்கினார். தூத்துக்குடியில் வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் அளவில் பெய்தால், பெர்கனில் 2,200-க்கும் மேல். 2006 அக்டோபர் கடைசியிலிருந்து 2007 ஜனவரி வரை 85 நாள் ஒரு நாள் விடாமல் பெய்திருக்கிறது. இதைச் சிவப்பு மையில் எழுதி, சாவுச் செய்தி வாசிப்பதுபோல எங்களுக்கு வாசித்தார். மேகம் என்றாலே நெஞ்சு அடைக்கிற தொழில். அந்த மனுஷன்தான் காசு கொடுத்து மழை பார்க்கப் போகிறார்.

"நம்ம மழை அப்படியா வே? 2023 டிசம்பர்ல காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு. அங்க அதே மழைய நாலு அஞ்சு மாசமாப் பிச்சுப் பிச்சுல்லா போடுதான்!"

சிக்கல் மாதத்தில் இருந்தது. பெர்கனில் மழை கொஞ்சம் இரக்கம் காட்டுவது மே, ஜூனில். இங்கே அதுதான் உப்பு வாரும் காலம். பாத்தியை விட்டு நகர முடியாது. சரி, ஆகஸ்ட் என்றால் ஐந்தாம் தேதி பனிமய மாதா திருவிழா. "பனிமாதாவ விட்டுட்டுப் பனியத் தேடிப் போகவா?" என்பார். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி அளத்தில் வேலை நின்றால் அண்ணாச்சி சும்மாத்தான் இருப்பார். ஆனால் பெர்கனில் வானம் கிழிவதும் அப்போதுதான். இரண்டு ஊர்களும் பேசிவைத்துக்கொண்டு அவரை ஏமாற்றுவதாக ஒரு கணக்கு நோட்டில் இருக்கிறது, படத்தோடு.

"ஜூன்ல பகல்ல 17 டிகிரியாம்" என்றேன் ஒருநாள். அவருக்கு டிகிரி என்றால் உப்புத் தண்ணியின் டிகிரி. "பதினேழுல உப்பு இறங்காதே? இருவத்தஞ்சு வேணும்லா!" என்று பதறினார்.

விசாவுக்கு நாள்வாரியாகப் பயணத் திட்டம் கேட்பார்கள் என்று தெரிந்த அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு அரசாங்கமே தன் நோட்டைக் கேட்கிறதே! அன்றிரவே பதினாறு பக்கம் எழுதினார். முதல் நாள் ஃப்ளோயன் மலை, 320 மீட்டர், 1918 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பழனி விஞ்ச் போல'. இரண்டாம் நாள் பிரிக்கன் துறை: ஜெர்மன் வியாபாரிகள் காய்ந்த காட் மீனை அடுக்கிவைத்த பழைய மரக் கிட்டங்கிகள், 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இந்த இடத்தில் மதினி மட்டும் குறுக்கே வந்தார்.

"கருவாட்டுக் கிட்டங்கியப் பாக்கவா அம்புட்டுத் தூரம்? இங்கன மூக்கப் பொத்திக்கிட்டுல்லா போவீங்க!"

"இது யுனெஸ்கோ கருவாடு" என்றார் அண்ணாச்சி.

மகனுக்குக் கொண்டுபோகும் மக்ரூனுக்குத் தனியாக நாலு பக்கம். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்த அந்தக் காற்றுக் கூம்பு ஈரக்காற்றில் பத்து நிமிஷத்தில் நமத்துவிடும். டப்பாவுக்குள் அரிசி போடுவதா, வறுத்த உப்பு போடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. குடை வேண்டாம், காற்றில் திரும்பிவிடும் என்று மகன் சொல்லியிருந்தான். அதனால் உப்பு அம்பாரம் மூடுகிற தார்ப்பாயில் ஒரு கோட்டு தைக்க அளவு கொடுத்தாயிற்று.

இதெல்லாம் இருக்கட்டும், டிக்கெட்? அது மட்டும் இல்லை. பக்கத்துக் கொற்கையில், பாண்டியர் முத்துக் கப்பல் விட்ட துறையிலிருந்து, கடல் கிலோமீட்டர் கணக்கில் விலகிப்போய்விட்டது. தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டிய வேலை. அண்ணாச்சியின் பயணமும் ஆண்டுக்கு ஆண்டு அந்த வேகத்தில்தான் தள்ளிப்போகிறது. வண்டலை அவரே சுமந்து வந்து கொட்டுகிறார் என்பது என் அபிப்பிராயம். அவரிடம் சொன்னதில்லை.

போன வாரம் உறுதியாகவே சொன்னார்: "இந்த மே மாசம் போயே தீரணும். மூணு நாள்தானே, அளத்தக் கணக்கப்பிள்ளை பாத்துக்கிடுவாரு." நாங்கள் கைகொடுத்தோம். டீக்கடைக்காரர் அன்றைக்குக் காசு வாங்கவில்லை. அண்ணாச்சி போனை எடுத்து டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கினார். பாதியில் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தார்.

"கறுக்குதே வே?"

எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் அவர் பைக்கை உதைத்துவிட்டார், தார்ப்பாய் போட. நோட்டு பெஞ்சிலேயே கிடந்தது, வடைத் தட்டுக்கு அடியில்.