மேட்டில் இறங்கிய மானம்

வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் தள்ளிவிட நாலு பேர் வருவார்கள். ஓடிக்கொண்டே இழுக்காமல் போனால் நாற்பது பேர் வருவார்கள். தள்ள அல்ல, கருத்துச் சொல்ல. நின்ற வண்டிக்கு ஒரு மெக்கானிக் போதும். இழுவை குறைந்த வண்டிக்கோ மைத்துனர், மாடிவீட்டுக்காரர், இரானி சாயாக் கடையில் எதிர் நாற்காலிக்காரர் என்று ஒரு மருத்துவக் குழுவே கூடிவிடுகிறது.

எங்கள் பிக்கப் 2012 மாடல், டர்போ டீசல், செகண்ட் ஹேண்ட். மாநிலம் பிரிந்த 2014-ல் புது வண்டிகளெல்லாம் டி.எஸ். ஆயின; 2024-ல் டி.ஜி. ஆயின. எங்களுடையதோ ஏ.பி. 28 என்ற பழைய எண்ணோடு, தெலங்கானா அமைந்த சேதியே காதில் விழாத தோரணையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு விகாராபாத் பக்கம் பத்து குண்டா நிலம் வாங்கினேன். நாற்பது குண்டா ஒரு ஏக்கர். சொந்தக்காரர்களிடம் ‘கால் ஏக்கர்’ என்று சொல்வதில்லை. ‘பத்து குண்டா’ என்பேன். மதுரையிலும் மாயவரத்திலும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதவரை நான் பண்ணையார். பண்ணையாருக்கு எரு மூட்டை ஏற்ற வண்டி வேண்டாமா? வாங்கி வந்து ஹைதராபாத் பத்மாராவ் நகரில் எங்கள் அடுக்ககத்தின் கீழே நிறுத்தினேன். வாட்ச்மேன் ஓடி வந்து, “ஏ ஃபிளாட் காலி சேஸ்துன்னாரு சார்?” என்று விசாரித்தான். எந்த ஃபிளாட்டைக் காலி செய்கிறார்களாம்?

சமதரையில் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. சிக்கல் விகாராபாத்தைத் தாண்டி அனந்தகிரி மேட்டில். மூசி நதி பிறக்கிற மலை அது. நதி எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமே போக என் வண்டியும் பிரியப்பட்டது. நாலாம் கியர் மூன்றானது, மூன்று இரண்டானது, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் பயனில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ, உள்ளே எட்டுப் பேரும் வெளியே இரண்டு பேருமாக எங்களை முந்திப்போனது. தொங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நலம் விசாரிக்கும் பாவனையில் கையசைத்தார். மனைவி பதிலுக்குக் கையசைத்தாள். நான் ஏசி பட்டனைத் தேடுபவனாகக் குனிந்துகொண்டேன். அந்த வண்டியில் ஏசி கிடையாது.

முதல் ஆலோசனை மாடிவீட்டு ராவ் காருவிடமிருந்து வந்தது. “ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே சார். காத்து லேசு. இன்ஜின் என்ன பண்ணும்?” கணக்குப் போட்டேன். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீத சக்தியை இழக்கும். ஆக ஐந்து சதவீதம். எங்கள் வண்டி பாதியை இழந்திருக்கிறது. தவிர, லேசான காற்றை ஈடுகட்டத்தான் டர்போவே இருக்கிறது. “மீதிக்கு என்ன காரணம் சார்?” என்றேன். “மீதிக்கு டிரைவர்” என்றார் ராவ் காரு.

சென்னை மைத்துனர் போனிலேயே நாடி பிடித்தார். “டீசல்ல கலப்படம், அத்திம்பேர்.” அவருக்கு உலகத்தில் எது கெட்டாலும் கலப்படம், என் சுகர் ஏறியதற்கும் அதையே சொன்னவர். ஆனாலும் டீசல் ஃபில்டரை மாற்றினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன். பழைய ஏர் ஃபில்டரைத் தட்டியதில் விகாராபாத் செம்மண் கணிசமாக உதிர்ந்தது. எனக்குச் சொந்தமான பத்து குண்டாவில் கொஞ்சம் அதற்குள்தான் இருந்திருக்கிறது. மண் திரும்பக் கிடைத்தது, இழுவை கிடைக்கவில்லை.

பிறகு புகை ஆராய்ச்சி. டீசல் வண்டிக்குப் புகைதான் ஜாதகம். கறுப்பென்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயிலே எரிகிறது. பர்ஸைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் ஆக்சிலேட்டரை மிதிக்க, பின்னால் நின்று நிறம் சொல்லும் பொறுப்பை மனைவியிடம் கொடுத்தேன். ஆயுள் முழுக்கப் பட்டுப் புடவைக் கடையில் தேர்ச்சி பெற்ற கண் அது.

“என்ன கலர்?”

“உடம்பு யானைச் சாம்பல். ஓரத்துல லேசா எம்.எஸ். ப்ளூ அடிக்குது.”

“நீலமா? நல்லாப் பார்த்துச் சொல்லு, லட்ச ரூபாய் விஷயம்.”

“வெளிச்சத்துல கொண்டுவந்து காட்டினாத்தானே சொல்ல முடியும்!”

அந்த ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

பக்கத்துப் பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்து, இன்ஜினை நின்றபடியே உறுமவிட்டு, கண்ணை மூடிக் கேட்டு, “இன்ஜின் உதார்னா படேகா சாப்” என்றார். இன்ஜினை இறக்க வேண்டுமாம். முதலில் ஹாஃப் இன்ஜின் வேலை, அதில் சரியாகாவிட்டால் ஃபுல் இன்ஜின். நோயாளியின் கையைத் தொடுமுன் ஆபரேஷன் தேதி குறிக்கும் டாக்டரிடம்கூட நான் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று எழுந்து வந்திருக்கிறேன். அங்கே அந்தத் தைரியம் வரவில்லை. க்ளட்ச் வழுக்குகிறதோ என்று இழுத்தேன். க்ளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. எங்கள் வண்டியில் இரண்டுமே ஏறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்றேன். சமதரையில் நியூட்ரலில் போட்டு ஒரு பையன் ஒற்றைக் கையால் தள்ளினான், உருண்டு போனது. எனக்குத் தெரிந்த வியாதிகள் தீர்ந்துவிட்டபடியால், சாயா குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினேன்.

சாயாக் கடை எதிர் நாற்காலிப் பெரியவர் ஆல்வினில் வேலை பார்த்தவர். ஃப்ரிட்ஜ், பீரோ, கைக்கடிகாரம், பஸ் பாடி என்று ஒரு காலத்தில் எல்லாம் செய்த ஹைதராபாத் ஆல்வின், எண்பதுகளில் ஜப்பானின் நிஸானோடு சேர்ந்து ஜஹீராபாத்தில் சிறிய லாரியும் செய்தது. 1989-ல் அந்த லாரித் தொழில் மஹிந்திரா கைக்குப் போயிற்று. “எங்க வண்டியில கம்ப்யூட்டர் ஏது? டீசல் போச்சா, காத்து போச்சா, கதம்” என்றார். அன்று கேட்ட வைத்தியத்தில் அது ஒன்றுதான் சரி. டீசல் போகிறது, ஃபில்டர் புதிது. அப்படியானால் காற்று? அது இன்ஜினுக்குள் போகிறதா, போகிற வழியிலேயே வேறெங்காவது போய்விடுகிறதா?

வனஸ்தலிபுரம் ஆட்டோ நகரில் கிடைத்த உஸ்தாத் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: “காலி மேங், யா லோட் மேங்?” வெறும் வண்டியில் இழுக்கவில்லையா, சுமையோடு இழுக்கவில்லையா? இத்தனை பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எல்லோரும் வண்டியை நிற்கவைத்துப் பார்த்தார்கள். நிற்கிற வண்டி எல்லோருக்கும் ஆரோக்கியமாகவே தெரிந்தது.

உஸ்தாத் நாலு சிமென்ட் மூட்டை, இரண்டு பையன்கள், நான் என்ற லோடைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஸ்கேனரை மாட்டி எல்.பி. நகர் மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறினார். மண்டையில் காற்று அடிக்க மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பண்ணையாரை அன்று பலர் பார்த்தார்கள். பாதி மேட்டில் இழுவை செத்தது; ஸ்கேனரில் பி0299 என்ற எண் வந்தது. டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று அர்த்தம்.

டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதன் மறுமுனையால் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற கருவி. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் ப்யூகி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இனி உபயோகமில்லை என்று வெளியே போகிறதைப் பிடித்து நிறுத்தி வேலை வாங்குவதுதான் தத்துவம். ஓய்வு பெற்றவர்கள் விஷயத்தில் எங்கள் வீட்டில் இது நெடுநாளாக அமலில் இருக்கிறது. காப்புரிமை மட்டும் வாங்கவில்லை.

அந்த டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸில், கிளாம்ப்புக்கு அடியில் ஒரு கீறல். நிற்கும்போது உள்ளே அழுத்தம் இருக்காது, கீறல் மூடிக்கொள்ளும். மேட்டில் அழுத்தம் ஏறியதும் வாயைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். காற்று குறைந்ததும் கறுப்புப் புகை. கணக்கு இடிக்கிறதே என்று உடனே கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடும். இன்ஜின் கெட்டுவிடாமல் காக்க, சக்தி இருந்தும் இல்லாத மாதிரி நடந்துகொள்கிற இந்த ஏற்பாட்டுக்கு லிம்ப் மோடு என்று பெயர்.

எனக்கு மெய்சிலிர்த்தது. கல்யாணமான நாள்முதல் நான் கடைப்பிடித்துவரும் கொள்கைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதும், அதை எஞ்சினியர்கள் மெனக்கெட்டு ஒவ்வொரு வண்டியிலும் எழுதிவைப்பதும் அதுவரை தெரியாது. பரண் மேல் அண்டாவா, மாடிக்குத் தண்ணீர்க் கேனா? பாரம் கண்ணில் பட்டதும் என் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். யாரும் என் இன்ஜினை இறக்கிப் பார்க்கச் சொன்னதில்லை; “பாவம், வயசாச்சு” என்று விட்டுவிடுவார்கள்.

ஹோஸும் கிளாம்ப்பும் மாற்றியதில் வண்டி அனந்தகிரியில் சிரித்துக்கொண்டே ஏறிற்று. ஷேர் ஆட்டோவை முந்தினேன். தொங்கியவர்களுக்குக் கையசைத்தேன். வந்தது வினை. இழுக்காத வண்டியை யாரும் இரவல் கேட்பதில்லை. இழுக்கிறது என்று தெரிந்ததும் ராவ் காருவின் பெண் வீடு மாற்றினாள், மூன்றாம் மாடியில் சோபா மாற்றினார்கள், அடுக்ககத்து விநாயகர் எங்கள் பிக்கப்பில்தான் ஹுசைன் சாகருக்குப் போனார்.

நானோ கண்டுபிடிப்பின் பெருமையில் உஸ்தாத் கதையை வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவியும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எரு மூட்டைகள் வந்து இறங்கின. வண்டியில் ஏற்ற ஆள் வரவில்லை.

“நீங்களே ஏத்திடுங்களேன்” என்றாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். “முடியலைம்மா. முன்ன மாதிரி இழுக்கலை.”

“காலி மேங், யா லோட் மேங்?”

“லோட்லதான்” என்றேன், யோசிக்காமல்.

“அப்ப இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. தூக்குங்க.”